மழையோ வெயிலோ, கோட்டைக்குள்ளே ஒரு நாள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பில் பேசியதின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எப்பவும் பேசுவது கடன், வட்டி, தவணை, தணிக்கை, பயிற்சி. இன்றைக்கு அதில் எதையும் பேசப் போவதில்லை. எங்கள் குழுவில் 14 பேர் சேர்ந்து ஒரு நாள் பத்மநாபபுரம் போய்விட்டு வந்தோம். அதைப்பற்றிப் பேசச் சொன்னார்கள். "ஊர் சுத்தினதைப் பத்தி என்ன பேச்சு?" என்று இங்கே ஒன்றிரண்டு பேருக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். அதனால் அதற்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறோம்.

பத்மநாபபுரம் நமக்கு ஒன்றும் தூரம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரோட்டில் தக்கலையில் இறங்கினால் 2 கிலோமீட்டர்தான். வேளிமலையின் அடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். நம்மில் எத்தனை பேர் தாலுகா ஆபீசுக்கும், சாதிச் சான்றிதழுக்கும், முதியோர் பென்ஷனுக்கும் தக்கலைக்கு அலைந்திருக்கிறோம்! கையெழுத்து வாங்கினதும் திரும்பி ஓடி வருவோம். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும், மாடு கத்தும், மாமிக்கு மாத்திரை கொடுக்கணும். மலைக்கு அடியில் இருக்கிற அந்தக் கோட்டைச் சுவரை பஸ்ஸின் ஜன்னல் வழியாகக்கூட நாம் நிமிர்ந்து பார்த்தது கிடையாது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், எல்லாருக்கும் அம்மச்சி, 70 வயதை நெருங்குகிறார். கோட்டையிலிருந்து 12 கிலோமீட்டரில்தான் பிறந்து, வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்தார். கொட்டாரத்துக்குள் காலே வைத்ததில்லை. டெல்லியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கலாம் என்று ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்புக்கு இந்தியா கொடுத்திருக்கும் உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டிலிருந்து இந்த அரண்மனையும் இருக்கிறது. நமக்கு மட்டும் அது பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம்!

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறோம், இல்லையென்றால் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருப்பீர்கள். குழுச் சேமிப்பைத் தொடவில்லை. சுழல்நிதியைத் தொடவில்லை. ஆறு மாதமாகக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு 10 ரூபாய் ஒரு தனி டப்பாவில் போட்டோம். அதற்குத் தனியாகத் தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் போக்குவரத்தில் பெரிய செலவு வரவில்லை. சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனோம். நுழைவுச் சீட்டும், சாயாவும், வரும்போது பிள்ளைகளுக்கு வாங்கின மட்டிப்பழமும்தான் செலவு. மிச்சம் இருந்ததை டப்பாவிலேயே போட்டுவிட்டோம்.

பணத்தைவிடப் பெரிய பாடு அனுமதி. பயிற்சி என்றால் விடுகிறார்கள். வங்கி என்றால் விடுகிறார்கள். "கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கப் போறோம்" என்றால் பஸ் ஏற்றிவிடவும் வருகிறார்கள். "சும்மா பாத்துட்டு வாறோம்" என்றால் மட்டும் முகம் மாறுகிறது. ஒரு மைனி வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. வேலைக்காக வெளியே போகிறவளுக்குக் கதவு திறக்கிறது. கண்ணுக்காகப் போகிறவளுக்குத் திறக்க மாட்டேன் என்கிறது. கடைசியில் ஒரு வீட்டில் ஆட்டைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தார், இன்னொரு வீட்டில் வீட்டுக்காரரே பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்தார். வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் மழை விழுந்தது. நாங்கள் குறித்த நாள் ஐப்பசியில். நம்ம மாவட்டத்துக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. மழை இல்லாத நாளாகப் பார்த்துப் புறப்படணும் என்றால் வருஷத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கணும். வில்லுக்குறி தாண்டும்போதே கொட்டத் தொடங்கியது. வேளிமலையைக் காணவில்லை, மேகம் மூடிவிட்டது. "திரும்பிருவோமா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நல்லவேளை, திரும்பவில்லை. ஏனென்றால் அந்தக் கொட்டாரத்தை மழையில்தான் பார்க்கணும். வெயிலில் பார்த்தால் அழகு. மழையில் பார்த்தால்தான் கட்டினவனுடைய மூளை தெரியும்.

கூரை எல்லாம் நல்ல சரிவு. ஓட்டின் விளிம்பு சுவரைத் தாண்டி வெளியே நன்றாக இறங்கி நிற்கிறது. எவ்வளவு அடித்துப் பெய்தாலும் மரச் சுவரில் சாரல் படவில்லை. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அதில்தான் விழுகிறது. விழுந்த தண்ணீர் தேங்காமல் ஓடிப்போகிறது. நாங்கள் முற்றத்தைச் சுற்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மரம் நூற்றாண்டுக் கணக்காக மக்கிப் போகாமல் இருப்பது இதனால்தான். நம்ம காங்கிரீட் வீட்டில் பத்து வருஷத்தில் கம்பி துருப்பிடித்து மேலே பெயர்ந்து விழுகிறது. சன்னல் இருக்க வேண்டிய இடமெல்லாம் சாய்ந்த மரச் சட்டங்கள். காற்று வரும், மழை வராது. உள்ளே இருக்கிறவர் வெளியே பார்க்கலாம், வெளியே நிற்கிறவருக்கு உள்ளே தெரியாது. இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு வருகிறோம்.

கொஞ்சம் வரலாறு சொல்லுகிறோம், சுருக்கமாக. இந்த ஊருக்குப் பழைய பெயர் கல்குளம். நம்ம தாலுகாவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். வேணாட்டு ராஜாக்கள் இங்கே இருந்து ஆண்டார்கள். இப்போதுள்ள அரண்மனையின் தொடக்கம் 1601 வாக்கில் என்று சொல்லுகிறார்கள். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரைப் பெரிய நாடாக்கினார். கோட்டையைக் கருங்கல்லில் கட்டி, அரண்மனையை விரித்தார். 1750இல் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்து, தான் சாமியின் தாசன் என்று சொல்லி ஆண்டார். ஊரும் பத்மநாபபுரம் ஆனது. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு இது அடங்கிப்போன ஊர். அப்படி அடங்கிப்போனதால்தான் இடிபடாமல் நமக்கு மிஞ்சியது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1956 நவம்பர் 1ஆம் தேதி நம்ம மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. மண் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை மட்டும் இன்றுவரை கேரள அரசின் தொல்லியல் துறை கையில். கோட்டைக்குள் குடியிருக்கிறவர்களுக்கு ரேஷன் கார்டு தமிழ்நாடு. நடுவில் ஆறரை ஏக்கர் அரண்மனைக்குச் சீட்டுக் கிழிப்பது கேரளம். அங்கே சண்டையும் இல்லை சச்சரவும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிற மாதிரி நடந்துகொண்டிருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் பூமுகம். மேலே மச்சைப் பாருங்கள். 90 பூ செதுக்கியிருக்கிறது, ஒன்று போல் இன்னொன்று இல்லை. நாங்கள் கழுத்து வலிக்கும்வரை ஒன்றுக்கொன்று சோடி தேடினோம், கிடைக்கவில்லை. அங்கே தொங்குகிற குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்குமாம். சீன வியாபாரிகள் கொடுத்த நாற்காலியும் அங்கேதான். மாடியில் மந்திரசாலை, ராஜாவும் மந்திரிமாரும் ஆலோசனை செய்த இடம். கண்ணாடி இல்லாத காலத்தில் சன்னலில் நிறம் நிறமாக அபிரகத் தகடு வைத்திருக்கிறார்கள். வெயில் நாளில் போகிறவர்களுக்கு அந்த வெளிச்சம் வாய்க்கும். எங்களுக்கு வாய்க்கவில்லை.

தரையைப் பற்றி சொல்லியே ஆகணும். கறுப்பாக, முகம் தெரிகிற மாதிரி மினுங்குகிறது. சிமெண்டு கிடையாது. சிரட்டையைச் சுட்ட கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, இன்னும் பலதும் சேர்த்து அரைத்துத் தேய்த்தது என்று விளக்கம் சொன்ன துறை ஊழியர் சொன்னார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். அந்தத் தரையில் வெறுங்காலோடு நடக்கும்போது ஒரு குளிர்ச்சி கால் வழியாக ஏறும். நம்ம குழுக்களில் சிரட்டையில் கரண்டியும் பொம்மையும் செய்து கண்காட்சியில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சிரட்டை அடுப்புக்குத்தான் போகிறது. அதே சிரட்டையில் ராஜாவுக்குத் தரை போட்டிருக்கிறார்கள் என்றதும், கொத்தவேலைக்குப் போகிற எங்கள் தங்கச்சி ஒருத்தி குனிந்து தடவித் தடவிப் பார்த்தாள். எவ்வளவு நாள் தேய்த்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டாள். அவளுக்குத்தான் அது சரியாகத் தெரியும்.

அடுத்தது ஊட்டுப்புரை. நீளமான கட்டிடம், மாடியும் கீழுமாக ஒரே நேரத்தில் 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லுகிறார்கள். ராஜா தர்மமாக பிராமணர்களுக்குத் தினமும் போட்ட சாப்பாடு. ஊறுகாய் போடுகிற சீனப் பரணிகள் இடுப்பு உயரத்துக்கு வரிசையாக இருக்கின்றன. அம்மச்சி அங்கேயே நின்றுவிட்டார். எங்களுக்கு எல்லாம் கட்டிடம் தெரிகிறது, அவருக்குச் சோறு தெரிந்தது. "இத்தனை பேருக்கு வடிச்சுக் கொட்டினது ஆரு மக்களே?" என்று கேட்டார். சமையல்காரர்களும் பிராமணர்கள்தான், ஆண்கள் என்று பதில் வந்தது. "சரி, நெல்லு குத்தினது?" என்றார் அம்மச்சி. அதற்கு அங்கே ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. எழுதி வைத்த பலகையிலும் இல்லை. ஆயிரக்கணக்கில் சோறு என்றால் எத்தனை கோட்டை நெல், எத்தனை உலக்கை, எத்தனை கை! கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நாற்று நட்ட கை வேறு, அவித்துக் குத்தின கை வேறு. அதெல்லாம் யாருடைய கை என்று நமக்குத் தெரியாதா? நாஞ்சில் நாட்டு வயலில் குனிந்து நின்றவர்கள் நம்ம பாட்டிமார்தான். அந்த ஊட்டுப்புரைக்குள் வந்து பார்க்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

இனி நவராத்திரி மண்டபம். கருங்கல் தூண்கள், நடுவில் அதே கண்ணாடித் தரை. ஆட்டமும் பாட்டும் நடந்த இடம். ஒரு பக்கத்தில் மரத்தடுப்பு வைத்து அடைத்திருக்கிறது, சின்னச் சின்ன ஓட்டை. ராணிமாரும் அரண்மனைப் பெண்களும் அந்த ஓட்டை வழியாகத்தான் கச்சேரி பார்க்கணும், வெளியே வந்து உட்காரக் கூடாது. முதலில் சொன்ன சாய்ந்த சட்டத்தின் காரியமும் இதுதான். நாங்கள் ஒவ்வொருத்தராகப் போய் அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தோம். தெரிகிறது, ஆனால் துண்டு துண்டாகத் தெரிகிறது. திருவிதாங்கூர் மருமக்கள்வழி நாடு. ராஜாவுக்குப் பிறகு பட்டம் மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்கு. அரண்மனையிலேயே பழைய பகுதிக்குப் பெயர் தாய்க் கொட்டாரம். ஒரே பிலாத் தடியில் செதுக்கின தூண் ஒன்று அங்கே இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். வம்சமே பெண் வழியாகத்தான் போகிறது, தாய் பெயரில்தான் வீடு. ஆனாலும் அந்தத் தாய் பாட்டு கேட்பது ஓட்டை வழியாக. சொத்து பெயரில் இருப்பது வேறு, நடமாட்டம் வேறு என்று எங்கள் ஊக்குநர் அங்கேயே சொன்னார். அதை நாங்கள் வீடு வரும்வரை பேசிக்கொண்டு வந்தோம்.

உள்ளே இருந்த பெண் அப்படி. வெளியே இருந்த பெண்ணின் கதை அதைவிட மோசம். நம்ம கல்குளம், இரணியல் பகுதியில் நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்களும் மார்பை மறைத்துச் சேலை போடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. மறைத்துக்கொண்டு சந்தைக்கு வந்தவர்களின் துணியைக் கிழித்தார்கள், அடித்தார்கள். 1820களில் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது தோள்சீலைப் போராட்டம். 1859இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா உத்தரவு போட்டு அனுமதித்தார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. கோயிலுக்குள் போகிற உரிமைக்கு இன்னும் 77 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா போட்ட ஆலயப் பிரவேச உத்தரவு அது. கோட்டைக்குள் நீலகண்டசாமி கோயில் இருக்கிறது, சிவாலய ஓட்டத்தில் ஏழாவது கோயில். இன்றைக்கு நாம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக உள்ளே போகிறோம். அம்மச்சியின் அம்மை சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் சாதிக்காரிகள் பலருக்கு அந்த வாசல் கிடையாது. அம்மச்சி இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அரண்மனையில் இன்னும் நிறைய உண்டு. உப்பரிகை மாளிகை நாலு நிலை. 60க்கு மேற்பட்ட மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்தது என்று சொல்லுகிற கட்டில் அங்கே இருக்கிறது. மேல் நிலையில் சாமிக்கான அறை, சுவர் ஓவியங்கள் உண்டு, அங்கே நம்மை விடுவதில்லை. மணி மாளிகையில் 200 வருஷத்துக்கு மேற்பட்ட கடிகாரம். முற்றத்தில் ஒரு உருண்டைக் கல், சுமார் 38 கிலோ. படையில் சேர வருகிறவன் அதைத் தலைக்கு மேலே 101 தடவை தூக்கணுமாம். அதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் ஒரு குரல், "ரேஷன் அரிசியும் மண்ணெண்ணெய்க் கேனும் சுமந்து மேடு ஏறுதோமே, நம்மளை எந்தப் படையில சேப்பாங்க?" சிரித்ததில் காவலுக்கு நின்றவரும் சேர்ந்துகொண்டார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அரண்மனையை அடைத்துவிடுவார்கள், பிறகு திறப்பார்கள். உள்ளே சாப்பிட விடமாட்டார்கள். வெளியே ஒரு சாயாக்கடை ஓரத்தில் ஒதுங்கி மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகுத் துவையலும் புளிச்சோறும் பங்கிட்டோம். கடைக்காரர் எங்களிடம் சாயாவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு பெஞ்சை இழுத்துப் போட்டுக் கொடுத்தார். 14 பேரும் அடுத்தவர் சமைத்ததைச் சாப்பிட்டோம். பந்தியில் கடைசியாக உட்காராமல் சுடச்சுடச் சாப்பிடுவது எப்போது நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

மழை விட்டதும் கோட்டை ஓரமாக நடந்தோம். கோட்டைக்குள் இருக்கிற நிலம் ஏறக்குறைய 185 ஏக்கர். தெருக்கள் அமைதி, பழைய ஓட்டு வீடுகள், பெரிய தெப்பக்குளம். மேகம் மேலே ஏற ஏற வேளிமலை துண்டு துண்டாக வெளியே வந்தது. முதலில் அடிவாரத்து ரப்பர், பிறகு பாறை, கடைசியில் உச்சி. பாறையிலிருந்து வெள்ளைக் கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் நாளில் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. அவர்கள் காலையிலேயே கோட்டை நடையை முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது அரண்மனைக்குள் குளிரில் இருக்கலாம். மழை நாளென்றால் இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நேரம் இருந்ததால் குமாரகோவிலுக்கும் போனோம். வேளிமலை முருகன், வள்ளியைக் கல்யாணம் செய்த இடம் என்பது ஐதீகம். நனைந்த படி வழுக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டு பைய ஏறணும். முட்டுவலிக்காரர்கள் கீழே உட்கார்ந்துகொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை. இந்த வேளிமலைக் குமாரசாமியும், பத்மநாபபுரத்து சரஸ்வதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வருஷா வருஷம் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போவது உங்களுக்குத் தெரியும். அரண்மனையில் ராஜாவின் உடைவாளைக் கைமாற்றிக்கொண்டு ஊர்வலம் கிளம்பும். குழித்துறையில் ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி தங்கித்தான் போவார்கள். பூசை முடிந்து திரும்பி வருவார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் பெண்தெய்வம். அவர்களே வருஷம் ஒரு தடவை வீட்டைப் பூட்டிவிட்டு மாநிலம் விட்டு மாநிலம் போய் வருகிறார்கள். ஐப்பசி மழைக்குப் பயந்து அவர்கள் நின்றதாகக் கதை இல்லை. எங்கள் மைனி வீட்டில் மூன்று நாள் பேசாமல் இருந்தாரே, அவருக்கு அவள் சொன்ன பதில் இதுதான். அவருக்கு மறுபேச்சு வரவில்லை.

உதயகிரிக் கோட்டையை எங்களால் பார்க்க முடியவில்லை, பொழுது போய்விட்டது. புலியூர்க்குறிச்சியில் மெயின் ரோட்டு ஓரத்தில்தான் இருக்கிறது, இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, 1777இல் இறந்து, அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. மனைவியும் மகனும் பக்கத்திலேயே. பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்து, அந்த டிலனாய் மூலம் கிறிஸ்தவரான நட்டாலம் தேவசகாயம் பிள்ளையை 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டார்கள். 2022 மே 15ஆம் தேதி ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. குழுவில் இருக்கிற எங்கள் கத்தோலிக்கச் சகோதரிகள் உதயகிரியையும் பக்கத்தில் உள்ள முட்டிடிச்சான் பாறையையும் தங்கள் முறைக்கு வைத்திருக்கிறார்கள். தக்கலை பீர்முகமது அப்பா தர்காவை முஸ்லிம் சகோதரிகள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். தமிழில் ஞானப் பாட்டுப் பாடின சூஃபி அவர். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம் அக்கா. பக்கத்திலேயே இருக்கிறது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஓடுகிற ஓட்டம் வீட்டிலேயே போதும்.

போக நினைக்கிற குழுக்களுக்குச் சில காரியம் சொல்லுகிறோம். திங்கள்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பின குழு நம்ம கூட்டமைப்பிலேயே உண்டு, பெயர் சொல்லவில்லை. நவராத்திரிக்குச் சாமி கிளம்புகிற நாளும், சிவராத்திரி ஓட்ட நாளும் கூட்டம் நெருக்கும். திருவிழாவுக்கு என்று போகலாம், நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஆகாது. காலையில் திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளே ஆகும். உள்ளே படியும் நடையும் அதிகம், சில கதவில் தலை தட்டும். குடை ஆளுக்கொன்று வேண்டாம், இரண்டு பேருக்கு ஒன்று போதும், உள்ளே கொண்டு போக முடியாது. மாற்றுச் சேலை வேண்டாம், ஒரு துவர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல அறைக்கு அறை துறை ஊழியர்கள் நிற்பார்கள், தமிழில் கேட்டால் தமிழில் சொல்லுவார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். அம்மச்சி கேட்டதையும் கேளுங்கள். பத்துக் குழு போய், பத்துத் தடவை "நெல்லு குத்தினது ஆரு?" என்று கேட்டால், பதினோராவது குழுவுக்கு ஒரு பதில் தேடி வைத்திருப்பார்கள்.

திரும்பி வரும்போது தக்கலை ஸ்டாண்டில் மறுபடியும் மழை. ஆறரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த வாரக் கூட்டத்தில் வருகைப் பதிவு 14க்கு 14, சேமிப்பும் தவணையும் முழுசாக வந்தது, எழுதி வைத்திருக்கிறோம். தனி டப்பாவில் மறுபடியும் 10 ரூபாய் விழத் தொடங்கியாயிற்று. எங்களோடு சேர்ந்து உதயகிரிக்கு வர விருப்பமுள்ள குழுக்கள் கூட்டம் முடிந்ததும் எங்கள் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்கள். ஒரே பஸ்ஸில் இடம் வேண்டுமே, அதனால் 30 பேருக்கு மேல் வேண்டாம் என்று நினைக்கிறோம்.